தங்கைக்கு எழுதியதாலேயே உண்மையாகிவிடுமா?

நெகிரி செம்பிலானின் தொடக்ககால வரலாற்றை எழுத உட்காருகிறவர்கள் கைநீட்டி எடுக்கும் முதல் நூல்களில் ஒன்று 'தி கோல்டன் செர்சனீஸ்'. 1883-இல் லண்டனில் ஜான் மர்ரே பதிப்பகம் வெளியிட்டது. எழுதியவர் இசபெல்லா பேர்ட். யார்க்‌ஷரில் 1831-இல் பிறந்த பாதிரியார் மகள். பெரிய இடத்து உறவுகள் உள்ள குடும்பம். 1879 ஜனவரிக் கடைசியில் மலாக்காவிலிருந்து கிளம்பி, லிங்கி ஆற்றின் வழியே அன்றைய சுங்கை ஊஜோங்குக்கு, அதாவது இன்றைய சிரம்பான் வட்டாரத்துக்கு வந்து, அங்கிருந்த பிரிட்டிஷ் ரெசிடென்ட் மர்ரேயின் விருந்தாளியாகத் தங்கிப் போனார். (பதிப்பாளருக்கும் ரெசிடென்டுக்கும் பெயர்தான் ஒன்று.) நூல் முழுதும் அவர் தன் தங்கை ஹென்ரியெட்டாவுக்கு எழுதிய கடிதங்களாக அமைந்திருக்கிறது. இந்தக் கடிதங்களுக்கு நம்மிடையே ஒரு தனி மரியாதை உண்டு. அரசாங்க அறிக்கை மேலிடத்துக்காக எழுதப்படுவது, அதில் பூசி மெழுகல் இருக்கும். துரைமார் வயதான பிறகு எழுதும் நினைவுக் குறிப்பில் தற்பெருமை இருக்கும். ஆனால் ஒரு பெண் தன் கூடப் பிறந்தவளுக்கு எழுதும் கடிதத்தில் ஒளிக்க என்ன இருக்கிறது, கண்டதைக் கண்டபடி எழுதியிருப்பார், ஆகவே அந்த முன்னோடிக் காலத்தின் நம்பகமான சாட்சி இதுதான் என்பது அந்த மரியாதையின் அடிப்படை. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த வாதத்தின் ஒவ்வொரு கணுவும் பழுது என்பது என் கட்சி. பேர்ட் பொய் எழுதினார் என்று நான் சொல்லவில்லை. சொந்தக் கடிதம் என்ற ஒரே காரணத்துக்காக ஓர் எழுத்தை மெய்யென்று ஏற்கும் வழக்கம், தோட்டத்து மக்களின் வரலாற்றை எழுதுகிறவர்களுக்கு மற்ற எவரையும்விட அதிகக் கேடு செய்கிறது என்றுதான் சொல்கிறேன்.

முதலில் கடிதம் என்ற வடிவத்தையே எடுத்துக்கொள்வோம். தமிழ் வாசகர்களுக்கு இதில் ஏமாற்றம் வரவே கூடாது. மு. வரதராசன் 'தம்பிக்கு' என்றும் 'தங்கைக்கு' என்றும் எழுதினார். அண்ணா தம்பிக்கு எழுதிய கடிதங்கள் வாராவாரம் அச்சேறின. கலைஞரின் 'உடன்பிறப்பே' முரசொலியில் பல பத்தாண்டுகள் ஓடியது. இவற்றில் எதையாவது ஒரு வீட்டுத் தபால்பெட்டிக்குள் விழுந்த அந்தரங்கம் என்று யாராவது நினைத்தோமா? விளிப்பு ஒருவருக்கு, பேச்சு ஊருக்கு என்பது படிக்கத் தெரிந்த எல்லாருக்கும் புரிந்திருந்தது. கடித வடிவம் அங்கே ஓர் உடுப்பு. நெருக்கத்தைத் தருவதற்காக உடுத்திக்கொண்டது. நம்மவர் எழுதினால் இவ்வளவு தெளிவாகப் பிடிபடுகிற இந்தச் சங்கதி, வெள்ளைக்காரச் சீமாட்டி எழுதும்போது மட்டும் எப்படியோ மறந்துபோகிறது. அவர் 'அன்புள்ள' என்று தொடங்கினால் நாம் கதவிடுக்கில் நின்று ஒட்டுக்கேட்கிற பரவசத்துக்கு ஆளாகிவிடுகிறோம்.

உண்மையில் பேர்டின் கடிதங்கள் தொடக்கத்திலிருந்தே பலர் கண்ணுக்காக எழுதப்பட்டவை. ஸ்காட்லாந்தின் மல் தீவில் டோபர்மோரி என்ற சிற்றூரில் இருந்த ஹென்ரியெட்டா, அக்கா அனுப்பிய கட்டுக்கட்டான தாள்களைத் தம் நண்பர் வட்டத்துக்குப் படிக்கக் கொடுத்தார். அது மட்டுமா? ஹவாய்த் தீவுகளிலிருந்து எழுதிய கடிதங்கள் 1875-இல் நூலாகிவிட்டன. அமெரிக்காவின் ராக்கி மலைகளிலிருந்து எழுதியவை 1878-இல் 'லெஷர் அவர்' என்ற இதழில் தொடராக வந்தன; மறு ஆண்டு நூலாயின. 1878-இல் ஜப்பானில் சுற்றியபோது எழுதியவை 1880-இல் அச்சேறின. ஆக, 1879 ஜனவரியில் லிங்கி ஆற்றங்கரையில் பேனாவை எடுத்தவர் தங்கைக்கு மனம்விட்டு எழுதிய ஒரு சாதாரணப் பெண் அல்லர். இந்தத் தாள்கள் எங்கே போய்ச் சேரும் என்று நன்கு தெரிந்திருந்த, தொழில் பழகிய எழுத்தாளர். அச்சுக்குப் போகும்போது என்ன நடந்தது என்பதற்கும் சான்று இருக்கிறது. ராக்கி மலையில் 'மௌண்டன் ஜிம்' என்ற ஒற்றைக்கண் வேட்டைக்காரனோடு ஏற்பட்ட மன நெருக்கத்தைத் தங்கைக்கு எழுதியவர், அச்சிட்ட நூலில் அதைக் கத்தரித்துவிட்டார். அந்த மூலக் கடிதங்கள் 2002-இல் தனித் தொகுப்பாக வந்தபோது, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற வாய்ப்பு எல்லாருக்கும் கிடைத்தது. மலாயா நூலிலோ கடிதங்களுக்கு நடுவே சுங்கை ஊஜோங், சிலாங்கூர், பேராக் என்று மாநில வாரியாகத் தனி அத்தியாயங்களே உண்டு. அவை அதிகாரிகள் தந்த தகவலையும் அரசாங்க வெளியீடுகளையும் கொண்டு, ஊர் திரும்பிய பிறகு எழுதிச் சேர்க்கப்பட்டவை. அரசாங்க அறிக்கையை நம்பாமல் கடிதத்தை நம்புகிறோம் என்று சொல்கிறவர்கள், அந்தக் கடிதப் புத்தகத்தின் முதுகெலும்பே அரசாங்க அறிக்கை என்பதைக் கவனிப்பதில்லை.

சரி, அச்சுக்காக ஒழுங்குபடுத்தினார் என்றே வைத்துக்கொள்வோம். கண்ணால் கண்டது கண்டதுதானே என்று கேட்கலாம். இங்கேதான் அந்தப் படகுக்குள் கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும். மலாக்கா லெப்டினன்ட் கவர்னராக இருந்த ஷா ஏற்பாடு செய்த பயணம் அது. அவருடைய மகள்கள் இருவர் துணை. போலீஸ் மேலதிகாரி ஹேவர்ட் காவல். பாபு என்று அழைக்கப்பட்ட ஒரு ஹாஜி சாப்பாடு முதலான உபசாரங்களுக்கு. முதலில் அரசாங்க நீராவிப் படகு. அதற்கு மேல், அத்தாப்பு வேய்ந்த, நிமிர்ந்து உட்கார முடியாத நாட்டுப் படகு. இருபுறமும் காடு கவிந்த கரிய நீரில், கழியை ஊன்றி ஊன்றித் தள்ளி, இரவு முழுக்க மேலேற வேண்டியிருந்தது. அந்த இரவைப் பற்றிப் பேர்ட் எழுதிய பக்கங்கள் அழகானவை; இருட்டையும் மின்மினியையும் காட்டின் ஓசையையும் அவர்போல எழுதியவர் அன்றைக்குக் குறைவு. ஆனால் அந்தப் பக்கங்களில் எல்லாமே கூரைக்குக் கீழிருந்து தெரிகிறவை. ஓர் ஊரைப் பார்க்க ஒருவர் எந்த வாசல் வழியாக அழைத்துப் போகப்படுகிறார் என்பதே அவர் என்ன பார்ப்பார் என்பதில் பாதியைத் தீர்மானித்துவிடுகிறது. சுங்கை ஊஜோங்கில் அவர் பார்த்தது எவற்றை? ரெசிடென்டின் பங்களா, ராசாவில் சீனக் கப்பித்தானின் வீடு, டத்தோ பண்டாரின் இல்லம். மூன்றும் விருந்தாளியை வரவேற்கத் தயாராக இருந்த வீடுகள். அதற்கு ஐந்தாண்டுக்கும் குறைவான காலத்துக்கு முன், 1874 கடைசியில், இதே மண்ணில்தான் மலாய்த் தலைவர்களான டத்தோ கிளானாவுக்கும் அன்றைய டத்தோ பண்டாருக்கும் இடையிலான சண்டையில் பிரிட்டிஷ் படை இறங்கி, ஒரு தரப்பை அடக்கி, ரெசிடென்டை உட்கார வைத்தது. தோற்ற தரப்பின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எழுதிய கடிதம் ஒன்று இருந்திருந்தால் அதன் நிறம் வேறாகத்தான் இருந்திருக்கும். சிங்கப்பூரில் வந்திறங்கியது முதல் பினாங்கில் கப்பலேறியது வரை, மலாயாவில் அவர் இருந்தது மொத்தம் ஐந்து வாரச் சொச்சம். அதிலே சுங்கை ஊஜோங்குக்குக் கிடைத்தது சில நாட்கள்.

இதை இன்றைக்கு உட்கார்ந்து நாம் கண்டுபிடிக்கவில்லை. பேர்டின் நூல் வந்த இரண்டாம் ஆண்டே, 1885-இல், இன்னொரு வெள்ளைக்காரப் பெண் அதைப் போட்டு உடைத்தார். எமிலி இன்னஸ் என்பது அவர் பெயர். சுங்கை ஊஜோங்குக்குப் பக்கத்திலேயே உள்ள லங்காட்டில் கலெக்டராக இருந்தவரின் மனைவி. பேர்ட் தங்க முலாம் பூசிய தீபகற்பத்தைக் காட்டினார் என்றால், இவர் தன் நூலுக்கு வைத்த பெயரே முலாம் கழன்ற தீபகற்பம் என்று பொருள்படும். சேறும் கொசுவும், ஒழுகும் அத்தாப்புக் கூரையும், கிடைக்காத உணவும், மேலதிகாரிகளின் அலட்சியமுமாக அவர் கண்ட மலாயா வேறு. பேர்ட் அதே லங்காட்டுக்கு வந்தது சிலாங்கூர் ரெசிடென்டோடு, அரசாங்கப் படகில். எமிலி ஒரு இடத்தில் மிக நியாயமாக ஒரு சங்கதியைச் சொல்கிறார்: பேர்ட் எழுதியதும் உண்மை, நான் எழுதுவதும் உண்மை, அவர் புகழ்பெற்றவர், போன இடமெல்லாம் அதிகாரிகள் வரிசை கட்டி நின்றார்கள், நானோ யாருக்கும் தெரியாதவள். இதைவிடக் கூர்மையான மூலச்சான்று விமர்சனத்தை நான் படித்ததில்லை. இத்தனைக்கும் இருவரும் ஒரே நிறம், ஏறத்தாழ ஒரே வர்க்கம், ஒரே காலம், ஒரே கரை. ஒருவருக்கு வரவேற்பு கிடைத்தது, மற்றவருக்குக் கிடைக்கவில்லை; அந்த ஒரே வித்தியாசத்தில் ஊரே மாறிப்போகிறது என்றால், எந்த வரவேற்புக்கும் வழியில்லாத ஒருவர் கண்ட ஊர் எப்படி இருந்திருக்கும்? எமிலியின் கணவர் பேராக்கில் கடனடிமை முறை தொடர்பான பிணக்கில் 1882-இல் பதவியை விட்டவர் என்பதால், எமிலியின் எழுத்தில் கசப்பு உண்டு, கணக்குத் தீர்க்கும் வேகமும் உண்டு. அவருக்கும் தப்பெண்ணங்கள் இருந்தன. ஆனால் கசப்பு உள்ளவர் சொல்வதை வடிகட்டிக் கேட்கத் தெரிந்த நமக்கு, விருந்து உண்டவர் சொல்வதையும் வடிகட்டத் தெரிய வேண்டாமா?

அடுத்து ஒரு காலக் கணக்கு. தோட்டங்களின் முன்னோடிக் காலத்துக்குப் பேர்டைச் சாட்சிக்கு அழைப்பதே கால முரண். அவர் சிரம்பானுக்கு வந்தபோது அங்கே ஓடிக்கொண்டிருந்தது ஈயம்; சீனரின் சுரங்கங்கள். லின்சும் போன்ற இடங்களில் காப்பித் தோட்டங்கள் எழுந்தது அதற்குப் பிறகு. சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சனுக்கு ரயில் ஓடியது 1891-இல். சுங்கை ஊஜோங் மற்ற மாநிலங்களோடு சேர்ந்து இன்றைய நெகிரி செம்பிலான் உருவானது 1895-இல். பிரேசில் காப்பி வந்து விலையை அடித்துக் கவிழ்த்த பிறகுதான், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இங்கே மலைச்சரிவெல்லாம் பால்மரம், அதாவது கித்தா என்கிற ரப்பர், ஏறியது. வேடிக்கை என்னவென்றால், அந்தப் பால்மரத்தின் பக்கத்திலேயே பேர்ட் தங்கியிருந்தார். 1877-இல் கியூ தோட்டத்திலிருந்து சிங்கப்பூருக்கு வந்த 22 கன்றுகளில் சில, ஹியூ லோ ரெசிடென்டாக இருந்த கோலகங்சார் பங்களாத் தோட்டத்தில் நடப்பட்டிருந்தன. பேர்ட் அந்தப் பங்களாவுக்குத்தான் 1879 பிப்ரவரியில் போனார். அங்கே லோ ஊரில் இல்லாத நேரத்தில், மஹ்மூத், எப்லிஸ் என்ற இரண்டு குரங்குகளோடு மேசையில் அமர்ந்து விருந்துண்ட காட்சிதான் அந்த நூலின் மிகப் புகழ்பெற்ற பக்கம். குரங்குகளைப் பற்றி எழுதிய அளவுக்கு அந்தக் கன்றுகளைப் பற்றி எழுத அவருக்கு ஒரு காரணமும் இல்லை. குறை சொல்ல மாட்டேன். அக்கன்றுகள் லட்சக்கணக்கான தமிழரைக் கடல் கடத்தப் போகின்றன என்று அன்று எவருக்குத் தெரியும்? ஆனால் ஒரு காலத்தின் பக்கத்தில் நின்றிருந்ததாலேயே ஒருவர் அந்தக் காலத்துக்குச் சாட்சி ஆகிவிடுவதில்லை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. அந்த நூலைப் படித்த எவரைக் கேட்டாலும் குரங்குகளின் பெயரைச் சட்டென்று சொல்வார். லிங்கியில் படகைத் தள்ளியவர்களின் பெயரைக் கேட்டுப் பாருங்கள்.

இனி என் வழக்கின் நடுப்பகுதிக்கு வருகிறேன். சொந்தக் கடிதமே உண்மை என்ற விதியைத் தோட்டத்துக்குள் கொண்டுபோய்ப் பொருத்திப் பார்த்தால் என்ன ஆகும்? காப்பிக் காலத்திலும் கித்தாக் காலத்திலும் வந்த தமிழ்த் தொழிலாளியும் ஊருக்குக் கடிதம் போட்டார். ஆனால் எழுதப் படிக்கத் தெரியாதவர் தோட்டத்து எழுத்தரான கிராணியிடமோ, பள்ளிக்கூடம் இருந்த தோட்டமானால் வாத்தியாரிடமோ போய் நிற்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அவருக்கு நேரம் ஒழிய வேண்டும். இவர் சொல்ல, அவர் எழுதுவார். 'இவ்விடம் அனைவரும் க்ஷேமம், அவ்விடத்து க்ஷேமத்துக்கு எழுதவும்' என்று பேனா தானாகவே தொடங்கிவிடும். அதற்குப் பிறகு இவர் என்ன சொல்ல முடியும்? பேர் போட்டும் அரை நாள் சம்பளத்தை வெட்டினார்கள் என்று சொல்லலாமா? வருகைப் பதிவேடான செக்ரோலில் அந்தக் கோட்டைப் போட்டதே எதிரில் உட்கார்ந்து எழுதுகிற கிராணியாக இருக்கும். கங்காணி கை நீட்டினான் என்று சொல்லலாமா? அந்தக் கங்காணிதான் ஊரிலிருந்து முன்பணம் கொடுத்து அழைத்துவந்தவன். கடிதம் போய்ச் சேரும் ஊரிலும் அவனுக்குச் சொந்தபந்தம் உண்டு. அங்கே கடிதத்தைப் பெற்ற தாய்க்கும் படிக்கத் தெரியாது. அதைத் தெருவில் யாரோ ஒருவர் உரக்கப் படித்துக் காட்ட வேண்டும். பதில் வந்தால் அது தோட்டத்து ஆபீசுக்குத்தான் வரும். பேரைக் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். இந்த இரண்டு முனைகளுக்கும் நடுவே கடைசியில் தாளில் எஞ்சுவது, மணியார்டர் தொகையும் க்ஷேமமும்தான். சொந்தக் கடிதத்தில் பொய் இருக்காது என்ற விதியை நேர்மையாகப் பின்பற்றும் வரலாற்றாசிரியர், இந்தக் கட்டுகளைப் பிரித்துப் படித்தால் என்ன முடிவுக்கு வருவார்? நெகிரி செம்பிலான் லயங்களில் எல்லாரும் சுகமாக இருந்தார்கள் என்றுதான் எழுத வேண்டியிருக்கும்.

அந்தரங்கம் என்பது எல்லாருக்கும் பொதுவான மனிதச் சொத்து என்று நினைத்துக்கொண்டுதான் இந்த விதியை உண்டாக்கியிருக்கிறார்கள். அன்றைய மலாயாவில் அது காசு கொடுத்துத்தான் கிடைத்தது. தானே எழுதத் தெரிந்த கை, கதவைச் சாத்திக்கொண்டு எழுத ஓர் அறை, எழுதியதற்காக அடி விழாது என்ற தைரியம், மறுமுனையில் தானே படிக்கத் தெரிந்த ஒரு தங்கை, பிரிக்காமல் கொண்டுபோய்ச் சேர்க்கும் தபால்: இந்த ஐந்தும் சேர்ந்தால்தான் சொந்தக் கடிதம் என்ற பொருளே பிறக்கும். பேர்டுக்கு ஐந்தும் இருந்தன. லயத்துப் பெண்ணுக்கு ஒன்றுகூட இல்லை. அப்படியிருக்க, அந்தரங்கமே மெய்யின் முத்திரை என்று விதித்துவிட்டால், மெய் பேசும் உரிமையை முன்கூட்டியே ஒரு வர்க்கத்துக்குப் பட்டா போட்டுக் கொடுத்ததாகிறது. இதில் உள்ள அநியாயத்தைவிட எனக்கு உறுத்துவது அதன் சோம்பேறித்தனம். கடிதத்தை எடுத்து, நயமான ஒரு பத்தியைத் தமிழாக்கி, 'அக்காலத்தில் இப்படி இருந்தது' என்று போட்டுவிட்டால் வேலை முடிந்தது. யார் எழுதினார், யார் செலவில், யாருக்காக என்ற மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டியதில்லை.

இதற்கு வரும் எதிர்வாதங்களில் வலுவானது ஒன்றுதான்: வேறு என்ன இருக்கிறது? தமிழர் எதையும் எழுதி வைக்கவில்லையே, கிடைத்ததை விட்டால் வெறுங்கைதானே என்கிறார்கள். வெறுங்கை இல்லை. நீரிணைக் குடியேற்றங்களிலும் பிரிட்டிஷ் பாதுகாப்பிலிருந்த மலாய் மாநிலங்களிலும் தொழிலாளர் நிலையை விசாரிக்க 1890-இல் ஒரு கமிஷனே அமைக்கப்பட்டு அறிக்கை தந்தது. அது அரசாங்க ஆவணம்தான், அதற்கும் ஒரு சாய்வு உண்டு. ஆனால் கேள்வி கேட்கப் போனவர்கள் எழுதியதற்கும் விருந்துக்குப் போனவர் எழுதியதற்கும் வித்தியாசம் இருக்கிறது. மால்கம் வாட்சன் என்ற மருத்துவர் 1911-இல் வெளியிட்ட மலேரியாத் தடுப்பு நூலை எடுத்துப் பாருங்கள். மலைச்சரிவில் காட்டை அழித்து ஓடைகளை வெயிலுக்குத் திறந்துவிட்டால், வெயில்பட்ட தெளிந்த நீரில் முட்டையிடும் கொசு வகை பெருகி, லயமே காய்ச்சலில் படுத்துவிடும் என்ற கண்டுபிடிப்பு வளர்ந்தது மலாயாவின் இப்படிப்பட்ட தோட்டங்களில்தான். அந்த நூலில் 'நான் மிகவும் துன்பப்பட்டேன்' என்று எந்தத் தொழிலாளியும் கடிதம் எழுதவில்லை. மரணக் கணக்கு இருக்கிறது. ஒரு சாவுப் பதிவேட்டில் சுவை கிடையாது, நடை கிடையாது, மின்மினி கிடையாது. ஆனால் அதை நிரப்பிய கிராணிக்கு அதை அழகாக்க வேண்டிய தேவையும் கிடையாது. லயத்துப் பெண்கள் பாடிய தாலாட்டும் ஒப்பாரியும் சேகரிக்கப்பட்டிருக்கின்றன. அவை கங்காணி காதில் விழும்படியே பாடப்பட்டவை என்பதால் அங்கேயும் ஒளிவுமறைவு உண்டு, ஆனால் கிராணியின் பேனா குறுக்கே வரவில்லை. கடைசியாக, மனுக்கள். பக்கத்துக் கிள்ளான் வட்டாரத்தில் 1941-இல் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது வைத்த கோரிக்கைகளில், சம்பளத்தோடு கூட இன்னொன்றும் இருந்தது: துரையோ கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்க வேண்டும். தோட்டத்துச் செம்மண் சாலையில் சைக்கிளை நிறுத்தி, காலை ஊன்றி, இறங்கி, கைப்பிடியைப் பிடித்தபடி ஒருவர் கடந்துபோகும் வரை நிற்கிற ஒரு மனிதரை அந்த ஒற்றைக் கோரிக்கை காட்டுகிறது. எந்தச் சீமாட்டியின் கடிதக் கட்டிலும் அந்த மனிதரைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. ஏனென்றால் அவர் இறங்கி நிற்பதை அவர்கள் மரியாதை என்றுதான் பார்த்தார்கள்.

இன்னொரு ஆட்சேபம்: 1879-இல் எழுதியவரை இன்றைய அளவுகோலால் அளக்கலாமா? இதற்கு எமிலி இன்னஸே பதில். அவர் பயன்படுத்தியது 1885-இன் அளவுகோல். மேலும், நான் பேர்டின் குணத்தை அளக்கவில்லை. அவருடைய எழுத்து எதற்குச் சான்று என்பதைத்தான் அளக்கிறேன். அவர் இரக்கமற்றவர் அல்லர். சிங்கப்பூரில் தமிழ்ப் பெண்கள் சேலை உடுத்தும் நேர்த்தியை அவர் வியந்து எழுதியிருக்கிறார். அதைப் பெருமையாக எடுத்துக்காட்டுகிற நம்மவர்களும் உண்டு. ஆனால் அந்த வியப்பில் நாம் 'கிளிங்' என்ற பெயரில்தான் வருகிறோம், ஓவியத்தில் ஒரு வண்ணமாக. இன்று மலேசியாவில் வசையாகிவிட்ட அந்தச் சொல் காதில் விழுந்தால் என்ன நடக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். வண்ணமாகப் பார்ப்பது வெறுப்பு இல்லை. அது அறிமுகமும் இல்லை.

பெண் என்பதால் அதிகாரத்துக்கு வெளியே நின்றார், ஆகவே மாற்றுப் பார்வை பார்த்தார் என்பது அண்மைக்காலத்தில் கிளம்பியிருக்கும் வாதம். ஆண் அதிகாரிகளுக்குப் புலப்படாத, வீட்டுக்குள் நடந்த காட்சிகளை அவர் கண்டார் என்பது உண்மை. அதற்கு மதிப்பு உண்டு. ஆனால் நெகிரி செம்பிலானில் நின்று இந்த வாதத்தைப் பேசுகிறவர்கள் ஒன்றை யோசிக்கலாம். இங்கே அடாட் பெர்பாத்தே வழக்கப்படி குலநிலம் தாய்வழியில் மகளுக்குப் போகிறது. மணமான இங்கிலாந்துப் பெண் தன் பெயரில் சொத்து வைத்துக்கொள்ள முழு உரிமை பெற்றதே 1882-இன் சட்டத்தால்தான். அதாவது பேர்ட் வந்துபோன மூன்றாண்டுகளுக்குப் பிறகு. மண்ணுக்குச் சொந்தக்காரிகளான மினாங்கபாவ் பெண்கள் வாழ்ந்த ஊருக்குள் அவர் வந்து போயிருக்கிறார். பெண் கண் என்று ஒன்று தனியே இருக்குமானால் அது முதலில் நிலைகுத்தி நிற்க வேண்டிய இடம் அதுவே. அதை விளங்கிக்கொள்ள ரெசிடென்டின் விருந்தாளியாகச் சில நாள் தங்கினால் போதாது. அந்த வீட்டுச் சமையலறையில் பல பருவங்கள் உட்கார்ந்திருக்க வேண்டும். இதில் அவர் தவறு எதுவும் இல்லை. சில நாள் விருந்தாளியை ஊரின் வரலாற்றாசிரியராக உயர்த்திய தவறு முழுக்க நம்முடையது.

அப்படியானால் நூலைத் தூக்கி எறியச் சொல்கிறேனா என்றால், இல்லை. 1879-இல் சுங்கை ஊஜோங் ரெசிடென்சி எப்படித் தன்னைக் காட்டிக்கொள்ள விரும்பியது, ஐந்தே ஆண்டுகளுக்குள் ஆட்சியை நிலைநாட்டிய சிலர் ஒரு புகழ்பெற்ற விருந்தாளிக்கு எதை எதைக் காட்டினார்கள், எவருக்கு மேசை போட்டார்கள் என்பதற்கு இதைவிட நல்ல ஆவணம் கிடையாது. அலமாரியில் அதை ரெசிடென்சியின் வரிசையில் வைக்க வேண்டும். தோட்டத்தின் வரிசையில் அல்ல. அந்த லிங்கி இரவுப் பக்கங்களையும் மறுபடி படிக்கலாம், இம்முறை வேறு கவனத்தோடு. எத்தனை பேர் இருந்தார்கள் என்று எண்ணிக்கொண்டு படித்தால், கூரைக்குக் கீழே இருந்தவர்களோடு கணக்கு நிற்காது. முனையில் ஒருவன் நின்றிருக்கிறான். கழியைச் சேற்றில் ஊன்றுகிறான், நெஞ்சை அதன்மேல் சாய்க்கிறான், படகு ஒரு முழம் நகர்கிறது. கழியை உருவுகிறான், மறுபடி ஊன்றுகிறான். உள்ளே விளக்கு எரிந்திருந்தால் அவனுக்கு முன்னால் இருந்த இருட்டு இன்னும் கூடியிருக்கும். விடியும் வரை அவன் அதைத்தான் செய்துகொண்டிருந்தான்.